விண்டோஸ் ஒரு டிஸ்க்கில், பூட் லோடர் இன்னொரு டிஸ்க்கில்: பல டிஸ்க் கணினியொன்றைப் பராமரித்த அனுபவம்

இயங்குதளம் ஒரு டிஸ்க்கில் இருக்கலாம். அதைத் தொடங்கிவைக்கும் பூட் லோடர் வேறொரு டிஸ்க்கில் இருக்கலாம். பல டிஸ்க்குகள் பொருத்திய கணினியை வைத்திருப்போரில் பலருக்கு இது ஏதாவது ஒரு டிஸ்க்கைக் கழற்றும் நாளில்தான் தெரியவருகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் என் மாமா நடத்தும் கணினி அச்சமைப்பு நிலையத்திலும் அப்படித்தான் தெரியவந்தது. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா மலர், இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்கில் வழங்கும் நினைவு நூலான கல்வெட்டு ஆகியவையே அங்கு பெரும்பாலும் நடக்கும் வேலைகள். 31ஆம் நாளுக்குரிய கல்வெட்டை அதற்கு மறுநாள் கொடுக்க முடியாது என்பதால், அங்குள்ள முதன்மைக் கணினி ஒரு காலையில் இயங்க மறுப்பது சிறிய விடயமன்று.

அந்தக் கணினியில் அப்போது மூன்று டிஸ்க்குகள் இருந்தன. முந்தைய கணினியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 நிறுவப்பட்ட 240 கிகாபைட் எஸ்எஸ்டி, முடிந்த வேலைகளைச் சேமித்துவைக்கும் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் என்பன அவை. பழையதை ஏன் வைத்திருந்தார்கள் என்று கொழும்பில் இருக்கும் எவரும் கேட்கமாட்டார்கள். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 2022இன் சில மாதங்களுக்குள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. அதன் பின்னர், ஓடுகின்ற டிஸ்க் எதையும் இங்கு எவரும் எறிவதில்லை. பழைய கணினிகளின் டிஸ்க்குகள் புதிய பெட்டிகளுக்குள் அப்படியே குடிபுகுந்தன. அவற்றிலிருந்த பழைய பார்ட்டிஷன்களும், அதாவது டிஸ்க்கைப் பிரித்து அமைத்த பகுதிகளும், சேர்ந்தே வந்தன. பின்னால் வந்த சிக்கல் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருந்தது.

அந்த 1 டெராபைட் டிஸ்க் ஒருநாள் சத்தமிடத் தொடங்கியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதடைந்து மாற்றப்பட்ட செக்டர்களின் (தரவைச் சேமிக்கும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதிலிருந்த கோப்புகள் ஏற்கனவே 4 டெராபைட் டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கப்பட்டிருந்தன. ஆகவே கணினியை நிறுத்தி, அந்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கினோம். விண்டோஸ் வரவில்லை, சரியான பூட் சாதனத்தைத் தெரிவுசெய்யும்படி கேட்கும் கறுப்புத் திரைதான் வந்தது. மாமா கேட்டார்: “விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை நாங்கள் தொடவே இல்லையே தம்பி, பிறகேன் விண்டோஸ் வருகுதில்லை?”

கேள்வி மிகச் சரியானது. பழைய டிஸ்க்கை மறுபடி பொருத்தியவுடன் விண்டோஸ் வழக்கம்போல வந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட் சாளரத்தைத் திறந்து பார்த்தபோது விடை கண்ணுக்கு நேரே இருந்தது. விண்டோஸ் இருந்த எஸ்எஸ்டியில், பூட் லோடர் தங்கும் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று எதுவும் இல்லை. கழற்ற நினைத்த பழைய டிஸ்க்கின் தொடக்கத்தில் 100 மெகாபைட் அளவில் அது இருந்தது. விண்டோஸை நிறுவும் மென்பொருள், கணினியில் ஏற்கனவே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால், பெரும்பாலும் புதிதாக ஒன்றை உருவாக்குவதில்லை, இருப்பதையே எடுத்துக்கொள்ளும். எந்த டிஸ்க்கில் நிறுவவேண்டும் என்று அது கேட்கிறது. ஆனால் பூட் லோடரை எங்கே வைக்கவேண்டும் என்று கேட்பதில்லை. நிறுவிய நாளில் பழைய டிஸ்க், மதர்போர்டில் டிஸ்க் கேபிள்களைப் பொருத்தும் சாட்டா போர்ட்களில் முதலாவதில் இருந்ததால், விண்டோஸின் பூட் லோடரான பூட் மேனேஜர் அங்கே போய் அமர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு டிஸ்க்குகளில் எது பழுதானாலும் விண்டோஸ் வராது என்ற நிலையில்தான் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

இது ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்ளப் பழைய முறையையும் சற்றுப் பார்க்கவேண்டும். மதர்போர்டில் இருந்து கணினியைத் தொடங்கிவைத்த பழைய மென்பொருளான பயாஸின் காலத்தில், பட்டியலில் முதலாவதாக உள்ள டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டுகளை, கணினி நினைவகத்தில் ஏற்றி ஓடவிடும். அந்த 512இல் 446 பைட்டுகள் மட்டுமே பூட் நிரலுக்கு உரியவை. 64 பைட்டுகள் நான்கு பார்ட்டிஷன்களைக் குறிக்கும் அட்டவணைக்கும், கடைசி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் போய்விடும். 446 பைட்டுகளுக்குள் பெரிய வேலை எதுவும் செய்ய முடியாது என்பதால், லினக்ஸின் க்ரப் போன்ற பூட் லோடர்கள் தமது மீதிப் பகுதியை முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் ஒளித்துவைக்கும். அந்த முறையில் எந்த டிஸ்க் முதலாவது என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது. கேபிளை ஒரு போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலே கணினி வேறொரு டிஸ்க்கிலிருந்து தொடங்க முயலக்கூடும். அட்டவணையின் எண்கள் 32 பிட் அளவுக்கே என்பதால், 2 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்கை முழுமையாகப் பயன்படுத்தவும் முடியவில்லை.

பயாஸின் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ இந்த ஏற்பாட்டை மாற்றியது. இங்கே பூட் லோடர் சாதாரண கோப்பு. ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்ட இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒரு கோப்புறைக்குள் அது கிடக்கும். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறை, உபுண்டுவுக்கு உபுண்டு என்ற கோப்புறை என்று பலவும் ஒரே பார்ட்டிஷனில் சண்டையின்றி இருக்கலாம். எதை முதலில் ஓடவிடுவது என்ற வரிசை டிஸ்க்கில் இல்லை. மதர்போர்டில் உள்ள அழியா நினைவகத்தில் இருக்கிறது. அதிலுள்ள ஒவ்வொரு பதிவும் ஒரு பார்ட்டிஷனின் தனித்த அடையாள எண்ணையும் கோப்பின் பாதையையும் சொல்கிறது. 2022இன் தட்டுப்பாட்டில் எரிபொருள் நிரப்பச் சென்றவர்களுக்கு வேறுபாடு எளிதில் விளங்கும்: முதலில் வரிசையில் யார் முன்னால் நின்றார் என்பதே கணக்காக இருந்தது, கியூஆர் குறியீடு வந்தபின் ஆளின் அடையாளம் கணக்கானது. பயாஸ் முதலாவது வகை, யூஇஎஃப்ஐ இரண்டாவது வகை. ஆகவே யூஇஎஃப்ஐ கணினியில் சாட்டா கேபிளை இடம் மாற்றுவதால் பொதுவாக எதுவும் கெட்டுப்போவதில்லை. ஆனால் அந்த அடையாளத்தைக் கொண்ட பார்ட்டிஷன் இருக்கும் டிஸ்க்கையே கழற்றிவிட்டால், பதிவு எதையும் சுட்டாமல் வெறுமையாகிவிடும்.

திருத்துவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. விண்டோஸை எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவுவது ஒன்று. ஆனால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த எழுத்துருக்கள், பழைய தமிழ் விசைப்பலகைச் செயலிகள், அச்சு இயந்திரங்களின் டிரைவர்கள் எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டியிருந்ததால், அதை மாமா கேட்டவுடனேயே மறுத்தார். எஸ்எஸ்டியிலேயே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷனை உருவாக்கிப் பூட் கோப்புகளை அங்கே எழுதுவது மற்றைய வழி. பழைய டிஸ்க் இன்னும் உயிரோடு இருந்ததால் இதை அவசரமின்றிச் செய்ய முடிந்தது. முதலில் சி டிரைவைச் சில நூறு மெகாபைட்டுகள் சுருக்கினோம். பின்னர் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, முதல் திரையிலேயே ஷிஃப்ட் விசையையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்திக் கட்டளைச் சாளரத்தைத் திறந்தோம். டிஸ்க்பார்ட் கருவியில் அந்த வெற்றிடத்தில் இஎஃப்ஐ வகைப் பார்ட்டிஷனை உருவாக்கி, ஃபாட்32ஆக ஃபார்மட் செய்து, அதற்கு ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்தபின், பிசிடிபூட் என்ற கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறை இருக்கும் இடத்தையும் புதிய பார்ட்டிஷனின் எழுத்தையும் யூஇஎஃப்ஐ என்ற வகையையும் கொடுத்தால் போதும். வேண்டிய கோப்புகளை அதுவே எழுதிவிடும்.

இந்த வேலையில் ஆபத்தான பகுதி கட்டளை அன்று, டிஸ்க் இலக்கம். டிஸ்க்பார்ட் 0, 1, 2 என்று காட்டும் இலக்கங்கள், விண்டோஸுக்குள் பார்த்தவையும் நிறுவும் யூஎஸ்பியிலிருந்து பார்த்தவையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. டிரைவ் எழுத்துகளும் அப்படியே. உள்ளே சி ஆக இருந்தது அங்கே டி ஆக மாறியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் தெரிவுசெய்தபின் அதன் விவரத்தைக் கேட்டு, மாதிரிப் பெயரையும் கொள்ளளவையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பின்னரே அடுத்த கட்டளையைத் தட்டச்சுசெய்யவேண்டும். 4 டெராபைட் டிஸ்க்கின் கேபிளை அந்த வேளையில் நான் கழற்றியே வைத்திருந்தேன். இணைக்கப்படாத டிஸ்க்கை எந்தக் கட்டளையாலும் அழிக்க முடியாது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவடைந்தபோது அடுத்த வேலை வந்தது. அந்தக் கணினியின் ப்ரொசெசர் முதல் தலைமுறை ரைசன் என்பதால் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. இணையத்தோடு தொடர்புடைய வேலைகளை லினக்ஸுக்கு மாற்றி, விண்டோஸைப் பக்க வடிவமைப்புக்கு மட்டும், இணையத்திலிருந்து துண்டித்து வைத்திருப்பது என்று முடிவாயிற்று. அதற்காகப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மதர்போர்டின் எம்.2 இடத்தில் நேரடியாகப் பொருத்தும் 500 கிகாபைட் என்விஎம்இ டிஸ்க் ஒன்று வாங்கினோம். வாங்கப் போகுமுன் மதர்போர்டின் கையேட்டைப் பார்த்தது நல்லதாயிற்று. பல போர்டுகளில் எம்.2 இடமொன்றில் டிஸ்க்கைப் பொருத்தினால், சாட்டா போர்ட்களில் ஒன்றோ இரண்டோ செயலிழக்கும்; இரண்டும் ஒரே தடங்களைப் பகிர்ந்துகொள்வதே அதற்குக் காரணம். எந்த எம்.2 இடத்துக்கு எந்தச் சாட்டா போர்ட் பலியாகும் என்பது மதர்போர்டுக்கு மதர்போர்ட் வேறுபடும். இதை அறியாதவர்கள், புதிய டிஸ்க்கைப் பொருத்தியவுடன் பழைய டிஸ்க் காணாமற்போனதைக் கண்டு, அது செத்துவிட்டதென்று நினைத்து வேறொன்று வாங்கப் போவதைக் கண்டிருக்கிறேன்.

லினக்ஸை நிறுவும்போதும் அதே பழைய கேள்வியே எழுகிறது: பூட் லோடர் எங்கே போகும்? உபுண்டுவும் லினக்ஸ் மிண்டும் நெடுங்காலம் பயன்படுத்திய நிறுவியில், பூட் லோடரை எந்தச் சாதனத்தில் நிறுவுவது என்று தெரிவுசெய்யும் பெட்டி இருக்கும். யூஇஎஃப்ஐ முறையில் அந்தத் தெரிவைப் பொருட்படுத்தாமல், முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே அது க்ரப்பை வைத்துவிடும் என்பது பலரும் முறையிட்ட பழைய குறைபாடு. ஆகவே என் வழக்கம் மிகவும் முரட்டுத்தனமானது: புதிய இயங்குதளத்தைப் பெறப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாவற்றின் கேபிள்களையும் கழற்றிவிடுவேன். நிறுவிக்குத் தெரியும் ஒரே டிஸ்க் அதுதான் என்றால், பூட் லோடர் வேறெங்கும் போக வழியில்லை. பெட்டியைத் திறந்து இரண்டு கேபிள்களை இழுப்பதற்கு ஆகும் நேரம், தவறான இடத்துக்குப் போன பூட் லோடரைப் பின்னர் மீட்பதற்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை. மற்ற டிஸ்க்கும் என்விஎம்இ வகையாக இருந்து, வெப்பத் தகட்டின் கீழ் திருகி மூடப்பட்டிருந்தால், சில போர்டுகளின் அமைப்புத் திரையிலேயே அதை முடக்கலாம். அதுவும் முடியாதபோது, ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி மூலம் மற்ற டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள பூட், இஎஸ்பி என்ற கொடிகளைத் தற்காலிகமாக நீக்கிவிட்டு, நிறுவி முடிந்ததும் மீண்டும் இடலாம். ஆனால் மீண்டும் இடுவதை மறந்தால் விண்டோஸ் காணாமற்போகும் என்பதால், கேபிளைக் கழற்றுவதையே நான் விரும்புகிறேன்.

யூஎஸ்பியிலிருந்து நிறுவும்போது இன்னொரு விடயத்தையும் பார்க்கவேண்டும். பழைய பயாஸ் முறைக்கு இடங்கொடுக்கும் சிஎஸ்எம் என்ற அமைப்பு திறந்திருந்தால், பூட் மெனுவில் ஒரே யூஎஸ்பி இரண்டு தடவை தோன்றும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்ற சொல் இருக்கும், மற்றதில் இருக்காது. அந்தச் சொல் இல்லாததைத் தெரிவுசெய்து நிறுவினால், லினக்ஸ் பழைய முறையிலும் விண்டோஸ் புதிய முறையிலும் இருக்க, க்ரப் மெனுவிலிருந்து விண்டோஸைத் திறக்கவே முடியாத நிலை உருவாகும். சிஎஸ்எம்மை முழுதாக மூடிவைப்பதே இதற்கு நல்ல மருந்து.

எல்லாக் கேபிள்களையும் திரும்பப் பொருத்தியபின் வரிசையைத் தீர்மானிக்கவேண்டும். என் சொந்தக் கணினியாக இருந்தால் எந்தப் பூட் லோடரும் மற்றதைப் பற்றி அறியத் தேவையில்லை என்றே விடுவேன். தேவைப்படும்போது மதர்போர்டின் பூட் மெனுவைத் திறந்து டிஸ்க்கைத் தெரிவுசெய்வது போதும். அந்த மெனுவுக்கு அசூஸ் போர்டுகளில் எஃப்8, எம்எஸ்ஐயிலும் அஸ்ரொக்கிலும் எஃப்11, ஜிகாபைட்டில் எஃப்12 விசையை அழுத்தவேண்டும். ஆனால் நிலையத்தில் வேலைசெய்யும் பிள்ளைகளிடம் கணினி திறக்கும் அந்த ஓரிரு நொடிக்குள் ஒரு விசையைப் பிடித்து அழுத்தச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. அங்கே என்விஎம்இ டிஸ்க்கின் க்ரப் முதலாவதாகவும் விண்டோஸ் பூட் மேனேஜர் இரண்டாவதாகவும் வைக்கப்பட்டன. க்ரப் மெனு சில நொடிகள் காத்திருக்கும். எவரும் எதையும் அழுத்தாவிட்டால் லினக்ஸ் வரும். லினக்ஸிலிருந்து இந்த வரிசையைப் பார்க்கவும் மாற்றவும் இஎஃப்ஐ பூட் மேனேஜர் என்ற கட்டளை உண்டு. ஒவ்வொரு பதிவும் எந்தப் பார்ட்டிஷனைச் சுட்டுகிறது என்பதையும் அது காட்டும் என்பதால், பூட் லோடர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நம்பத்தக்க விடை அதிலேயே கிடைக்கும்.

மெனுவில் விண்டோஸ் தோன்றாவிட்டால் அது அழிந்துவிட்டதென்று பயப்படத் தேவையில்லை. மற்ற இயங்குதளங்களைத் தேடிச் சேர்க்கும் ஓஎஸ் புரோபர் என்ற கருவியை, 2021இல் வெளிவந்த க்ரப் 2.06 பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே நிறுத்திவைத்தது. சில விநியோகங்கள் அதைத் திறந்தே கொடுக்கின்றன. மற்றவற்றில் க்ரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, மெனுவை மீண்டும் உருவாக்கவேண்டும். அதற்கு மாறாக, விண்டோஸின் பெரிய மேம்படுத்தல்கள் சில வேளைகளில் தம்மை மீண்டும் வரிசையில் முதலாவதாக்கிக் கொள்கின்றன. அப்போது க்ரப் காணாமற்போனதுபோலத் தோன்றினாலும் வரிசையைத் திருத்தினால் போதும். 2024 ஆகஸ்டில் நடந்தது சற்றுக் கடுமையானது. கையொப்பமிட்ட பூட் லோடரை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட்டுக்காக விண்டோஸ் அனுப்பிய ஒரு மேம்படுத்தல், பழைய ஷிம் கோப்புகளை, அதாவது க்ரப்புக்கு முன் ஓடும் சிறு நிரல்களை, நிராகரிக்கும் பட்டியலைப் புதுப்பித்தது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள பல கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. இரண்டும் தனித்தனி டிஸ்க்கில் இருந்தாலும் இந்த ஒன்றிலிருந்து தப்ப முடியாது. அந்தப் பட்டியல் இருப்பது மதர்போர்டில்.

டிஸ்க் வரிசை லினக்ஸுக்கு உள்ளேயும் ஒரு சிக்கல். எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் டிஸ்க்குகளுக்குரிய நிலையான பெயர்கள் அல்ல. லினக்ஸின் மையமான கர்னல் எதை முதலில் கண்டதோ அதற்கு முதல் பெயர். ஒரு யூஎஸ்பி டிஸ்க் செருகியிருந்தாலோ, ஒரு ஹார்ட் டிஸ்க் சுழன்றெழச் சற்றுத் தாமதித்தாலோ இன்றைய எஸ்டிபி நாளை எஸ்டிசி ஆகலாம். காப்புப் பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றில் எஸ்டிபி என்று எழுதிவைப்பது, எந்த டிஸ்க்கை அழிப்பது என்பதை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைப்பதற்குச் சமம். டிஸ்க்குகளை ஏற்றும் எஃப்எஸ்டேப் கோப்பில் தனித்த அடையாள எண்ணான யூயூஐடியையும், முழு டிஸ்க்கையே கையாளும் இடங்களில் மாதிரிப் பெயரும் தொடர் இலக்கமும் சேர்ந்த பை-ஐடி பாதையையும் பயன்படுத்தவேண்டும். 4 டெராபைட் டிஸ்க்குக்குரிய வரியில் நோஃபெயில் என்ற சொல்லையும் சேர்த்தோம். அது இல்லாமல் அந்த டிஸ்க் ஒருநாள் வராமற்போனால், லினக்ஸைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி அதற்காக 90 நொடிகள் காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் போய் நிற்கும். அந்தத் திரை பழக்கமில்லாதவர்களுக்கு முழுக் கணினியும் கெட்டுவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் கெட்டுப்போனது பழைய அழைப்பிதழ்கள் இருக்கும் டிஸ்க்குக்குச் செல்லும் ஒரு கேபிளாக இருக்கலாம்.

அடையாளத்தை நம்பும் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு டிஸ்க்கை இன்னொன்றுக்கு அச்சாக நகல் எடுத்தால், பார்ட்டிஷன் அடையாளங்களும் யூயூஐடிகளும் சேர்ந்தே நகலாகும். இரண்டையும் இணைத்த நிலையில் கணினியைத் தொடங்கினால், மதர்போர்ட் ஒன்றின் பூட் லோடரையும் லினக்ஸ் மற்றதன் பார்ட்டிஷனையும் எடுத்துக்கொண்டு, புதிய டிஸ்க்கில் வேலைசெய்வதாக நாம் நினைத்திருக்கப் பழையதில் எழுதிக்கொண்டிருக்கும். விண்டோஸ் இத்தகைய இரட்டையரில் ஒன்றைப் பொதுவாக ஆஃப்லைனாக்கி வைக்கும். நகல் முடிந்தவுடன் கணினியை நிறுத்தி, பழைய டிஸ்க்கைக் கழற்றிய பின்னரே முதல் தடவை இயக்கவேண்டும்; பழையது மீண்டும் தேவைப்பட்டால் அதை முதலில் வேறொரு கணினியில் துடைத்துவிட வேண்டும்.

இரண்டு இயங்குதளங்கள் பகிர்ந்துகொள்ளும் இன்னொன்று கடிகாரம். மதர்போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்கின்றன. நமக்கு அந்த வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். லினக்ஸில் வேலைசெய்துவிட்டு இணையமில்லாத விண்டோஸைத் திறந்தால், காலை 10 மணிக்கு அது 4.30 என்று காட்டும். பற்றுச்சீட்டு அச்சிடுபவருக்கு இது சிரிக்கும் விடயமன்று. கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸுக்குச் சொல்லிவிட்டோம். கோடைகால நேரமாற்றம் உள்ள நாடுகளில் இது நல்ல வழியன்று என்பார்கள். 1996இல் கடிகாரத்தை முன்தள்ளி 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பிய நாடு இது. அதன்பின் நேரம் மாறவில்லை என்பதால் இங்கே அந்தக் கவலை இல்லை.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவிட வேண்டும். அது திறந்திருக்கும்போது, கணினியை நிறுத்துவது உண்மையான நிறுத்தமன்று, பாதி உறக்கம். அந்த நிலையில் விண்டோஸ் வகையான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன்களை லினக்ஸ் எழுத முடியாதவாறு மட்டுமே திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். வலிந்து எழுதினால் கோப்புகள் சிதையும். 4 டெராபைட் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பயன்படுத்துவதால் இது எங்களுக்கு முதல்நாளே தேவைப்பட்டது.

டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் உள்ள கணினியில் இவற்றில் எதையும் தொடுமுன் மீட்புச் சாவியைக் கையில் வைத்திருக்கவேண்டும். பூட் வரிசையையோ செக்யூர் பூட் அமைப்பையோ மாற்றினால், வந்திருப்பது அதே கணினிதானா என்று சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் சந்தேகப்பட்டு, 48 இலக்கச் சாவியைக் கேட்கும். விண்டோஸ் 11இன் அண்மைய பதிப்புகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது குறியாக்கம் தானாகவே திறக்கப்படுவதால், தமது டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதையே பலர் அறியார். மச்சாளின் மடிக்கணினியில் லினக்ஸ் போடும்படி கேட்டபோது, நான் முதலில் கேட்டது அந்தச் சாவியைத்தான். கணக்கில் தேடி எடுத்து, தாளில் எழுதி, பிட்லாக்கரைத் தற்காலிகமாக இடைநிறுத்திய பின்னரே யூஎஸ்பியைச் செருகினேன்.

மின்சாரமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, நிறுத்தப்பட்ட கணினியின் கடிகாரத்துக்கும் அமைப்புகளுக்கும் பவர் சப்ளையிலிருந்தே சிறு மின்னோட்டம் கிடைக்கும்; அது இல்லாதபோதுதான் சிஆர்2032 பற்றரி செலவாகும். 2022இல் ஒருநாளில் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலத்தில், ஏற்கனவே வயதான பற்றரிகள் பல அப்படித்தான் தீர்ந்தன. பற்றரி தீர்ந்தபின் ஒவ்வொரு மின்தடைக்கும் மதர்போர்ட் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பக்கூடும்: மூடிவைத்த சிஎஸ்எம் திறந்துகொள்ளலாம், டிஸ்க் முன்னுரிமை மாறலாம், சாட்டா டிஸ்க்குகளை இயக்கும் முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்குப் போகலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். கணினி திடீரென்று தொடங்க மறுத்து, திரையில் திகதியும் பழைய ஆண்டைக் காட்டினால், பூட் லோடரைத் திருத்தப் புறப்படுமுன் அந்த நாணயப் பற்றரியை மாற்றிப் பார்ப்பது நல்லது. அமைப்புத் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வைத்திருந்தால், திரும்ப அமைப்பது தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒவ்வொரு டிஸ்க்கின் மீதும் ஒரு சிறு தாளை ஒட்டி, அதில் என்ன இருக்கிறது, இஎஃப்ஐ பார்ட்டிஷன் உண்டா இல்லையா, எந்தச் சாட்டா போர்ட், தொடர் இலக்கத்தின் கடைசி நான்கு இலக்கங்கள் எவை என்று எழுதியும் வைத்திருக்கிறோம். கடல்காற்று வீசும் வெள்ளவத்தையில் கேபிள் முனைகளைக் கழற்றித் துடைக்க வேண்டிவரும்போது அந்தத் தாள் உதவுகிறது.

இவ்வளவும் செய்தபின் ஒரு சோதனை மீதமிருந்தது. என்விஎம்இயை மட்டும் வைத்து மற்றவற்றைக் கழற்றிக் கணினியைத் தொடங்கினோம், லினக்ஸ் வந்தது. பின்னர் என்விஎம்இயைக் கழற்றி எஸ்எஸ்டியை மட்டும் வைத்தோம், விண்டோஸ் வந்தது. ஆனால் என்விஎம்இயைத் திரும்பப் பொருத்தியபோது மெனுவில் லினக்ஸின் பெயர் இல்லை. சில போர்டுகள், டிஸ்க் இல்லாமல் ஒருமுறை தொடங்கியவுடன், அதற்குரிய பதிவை அழித்துவிடுகின்றன. இதற்கும் யூஇஎஃப்ஐயில் ஒரு மாற்று வழி இருக்கிறது: எந்தப் பதிவும் இல்லாத டிஸ்க்கில், இஎஃப்ஐ கோப்புறையின் உள்ளே பூட் என்ற கோப்புறையில் பூட்எக்ஸ்64 என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால், மதர்போர்ட் அதை ஓடவிடும். விண்டோஸ் அந்தப் பெயரிலும் ஒரு பிரதியைத் தானே எழுதிவைக்கும். க்ரப்பை நிறுவும் கட்டளைக்கு ரிமூவபிள் என்ற தெரிவைச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது லினக்ஸுக்கும் அந்தப் பிரதி கிடைத்தது.

அதன் பயன் மதர்போர்டையே மாற்ற நேர்ந்தபோது தெரிந்தது. பூட் பதிவுகள் எல்லாம் பழைய போர்டோடு போய்விட்டன. புதிய போர்டுக்கு இந்த டிஸ்க்குகளைப் பற்றி எதுவும் தெரியாது. இருந்தும் அதன் பூட் மெனுவில் என்விஎம்இயும் எஸ்எஸ்டியும் தத்தம் பெயரோடு தோன்றின, இரண்டும் தொடங்கின. லினக்ஸிலிருந்து புதிய பதிவை உருவாக்கி, வரிசையைப் பழையபடி அமைத்தோம். விண்டோஸ் மட்டும், வன்பொருள் மாறியிருப்பதாகச் சொல்லி, உரிமத்தை மீண்டும் உறுதிப்படுத்தும்படி கேட்டது. அதற்குப் பூட் லோடர் பொறுப்பல்ல.